வேன் நிற்க ஓர் இடம்

எங்கள் ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. யாரிடமாவது ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் முதலில் அவர் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டாக வேண்டும். பள்ளிக்கூடக் கூரை ஒழுகினாலும் மாலை, தெருவிளக்கு எரியாவிட்டாலும் மாலை. மாலைக்கு மேல் பொன்னாடை, பொன்னாடைக்கு மேல் பழத்தட்டு, அப்புறம் எல்லோரும் நெருக்கியடித்து நின்று ஒரு படம். கேட்க வந்தது என்ன என்பது படமெல்லாம் எடுத்து முடிந்த பிறகுதான் யாருக்காவது ஞாபகம் வரும். இதைச் சொல்லும்போது மற்றவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

என் பெயர் கெர்ட்ரூட். கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் ஒரு தரைவீட்டில் நானும் என் வீட்டுக்காரர் லியனார்ட்டும் இருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு கம்பெனியில் தொலைபேசி எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவர் கொள்கலன் லோரி ஓட்டியவர். வாழ்நாள் முழுக்க லோரி ஓட்டியும் ஒரு அபராதச் சம்மன்கூட வாங்காதவர். வண்டி நிற்கக் கூடாத மஞ்சள் கோட்டில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவனைப் பார்த்தால் காறித் துப்புவார். அப்படிப்பட்ட மனுஷனுக்குச் சர்க்கரை வந்தது. முதலில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பிறகு சிறுநீரகம் போயிற்று. வாரத்தில் மூன்று நாள் காலையில் கிள்ளான் நகரத்தில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் உயிர். போகாவிட்டால் இல்லை.

அங்கே அழைத்துக்கொண்டு போனது பக்கிரிசாமியின் வேன். பக்கிரிசாமி முன்பு தொழிற்சாலை பஸ் ஓட்டியவன். பிறகு ஒரு பழைய வேனை வாங்கி, பின்கதவில் மடக்கி இறக்கும் இரும்புத் தகடு ஒன்றைப் பொருத்தி, எங்களைப் போல ஐந்து வீட்டு நோயாளிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். நிலையம் ஒரு கடை வரிசையின் கீழ்த்தளத்தில் இருந்தது. வேன் சரியாக வாசலில் நிற்கும். தகடு இறங்கும். சக்கர நாற்காலியைத் தள்ளினால் நேராக உள்ளே. ரேடியோவில் ஒரு பாட்டு முடிவதற்குள் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். பின்னால் நிற்கிற கார்க்காரன் ஹாரன் அடிப்பான். பக்கிரிசாமி கையைத் தூக்கிக் கும்பிடு போடுவான். அவனும் அடங்கிவிடுவான்.

அந்தச் சாலை மோசமான சாலை, அதை நான் மறுக்கவில்லை. வங்கி, டியூஷன் சென்டர், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் ஒரே வரிசையில். இரண்டு பக்கமும் கார்கள் இரட்டை வரிசையாக நிற்கும். ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை மோட்டார் இடித்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆம்புலன்ஸ் ஒன்று சங்கு ஊதிக்கொண்டே அசையாமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் நகராண்மைக் கழகம் தன்னுடைய பழைய போக்குவரத்துத் துணைச் சட்டத்தைத் திருத்தப் போவதாக அறிவித்தபோது ஊரே நல்ல காரியம் என்றது. சாலை முழுவதும் ஒருவழி. இரண்டு பக்கமும் எந்த வாகனமும் எந்த நேரத்திலும் நிற்கக் கூடாது. நின்றால் இழுத்துக்கொண்டு போவார்கள். நிறுத்த வேண்டியவர்கள் சந்தைக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய கார் நிறுத்துமிடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும்.

"சரியான சட்டம்தான் லா," என்றார் லியனார்ட்.

"சரியான சட்டமா? நீங்க எப்படி நடந்து போவீங்க?" என்றேன்.

"எல்லாருக்கும் நிறுத்தாதன்னு சொல்லட்டும், நான் கை தட்டுறேன். வீல்சேர் ஏத்தி இறக்குற வண்டிக்கு மட்டும் வாசல்ல ஒரு இடம் விடட்டும். ஒரு வேன் அளவு போதும். வேற என்னா கேக்கப் போறோம்?"

அவர் கேட்டது அவ்வளவுதான். ஒரு வேன் அளவு தார்ச்சாலை. சட்டத்தை நிறைவேற்றுவதற்கு முன்னால் கழகம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று வைத்தது. பதிவு பெற்ற சங்கங்கள் வந்து பேசலாம், ஒவ்வொரு சங்கத்துக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்கப்படும் என்றார்கள். அதற்காகத்தான் நாங்கள் இராமலிங்கத்தைத் தேடிப் போனோம்.

இராமலிங்கம் எங்கள் வட்டார இந்தியர் நலச் சங்கத்தின் தலைவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நாற்காலி, கூடாரத்தோடு வந்து நிற்பவர். அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் மைக்கைப் பார்த்துவிட்டால் மனுஷனுக்கு வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. விஷயத்தைச் சொன்னோம். மார்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டார்.

"அதுக்கென்னம்மா, கட்டாயம் கேப்போம். மிஸ்டர் லியனார்ட்டே பேசட்டும். நோயாளி வாயால சொன்னாத்தான் மனசுல படும். சரி, மாலைக்கு யார்கிட்ட சொல்றது?"

"தலைவரே, மாலையெல்லாம் எதுக்கு? அவங்க கருத்து சொல்லத்தான கூப்பிட்டிருக்காங்க. கல்யாணத்துக்கா கூப்பிட்டாங்க?"

"என்னாம்மா நீங்க. வெறுங்கையோட போய் 'இத மாத்து'ன்னா சண்டைக்கு வந்த மாதிரி நினைப்பாங்க லா. முதல்ல அவர் மனசு குளிரணும். அப்புறம் நாம கேக்கவே வேணாம், தானா செய்வாங்க."

நான் இன்னும் பேசியிருப்பேன். லியனார்ட் என் முழங்கையைத் தொட்டு, "விடு கெர்ட்டி, ஒரு மாலைதான," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பேச வேண்டியதை மலாயில் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது லோரி நிலையத்து மலாய். அதில் அதிகாரிகள் முன்னால் பேசினால் அடிக்க வந்ததாக நினைப்பார்கள். அதனால் பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் கொடுத்து மரியாதையான மலாயாக மாற்றி வாங்கினோம். நான் சமைக்கும்போது அடுக்களை வாசலில் நாற்காலியை நிறுத்தி, அதை எனக்குப் படித்துக் காட்டுவார். 'எங்களுக்கு இந்தச் சட்டம் வேண்டும்' என்று தொடங்கும். 'கூடவே ஒரே ஓர் இடமும் வேண்டும்' என்று வரும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார். கரண்டியும் கையுமாக நான் கை தட்டுவேன். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் சந்தோஷம் இருந்தது. இந்த மனுஷன் ஒரு காரியத்துக்குத் தயாராவதைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் காலையில், கழகத்தின் பெரிய மண்டபத்தில் நடந்தது. மேடையில் நடுவில் கவுன்சிலர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் பொறியாளரும் போக்குவரத்துப் போலீஸ்காரரும் இன்னும் சில அதிகாரிகளும். ஓரத்தில் நீலத் துடோங் முக்காடு அணிந்த ஒரு பெண் அதிகாரி, பேசுவதையெல்லாம் கணினியில் தட்டிக்கொண்டிருந்தார். முதலில் சீன வியாபாரிகள் சங்கம். ஒரு பெண் சாலையின் படத்தைத் திரையில் போட்டு, காலை வேளையில் சரக்கு இறக்க இந்த மூலையில் இடம் வேண்டும் என்றாள். கேட்டாள், உட்கார்ந்தாள். பொறியாளர் தலையை ஆட்டினார். அடுத்து வந்த மலாய் அங்காடிக்காரர்கள் பின்சந்தில் கடை போட அனுமதி கேட்டார்கள். அதையும் குறித்துக்கொண்டார்கள். அவர்கள் நிஜமாகவே கேட்கிறார்கள், நிஜமாகவே எழுதுகிறார்கள் என்று லியனார்ட்டின் காதில் சொன்னேன். அவர் தாளை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. இராமலிங்கத்தின் அண்ணன் மகள் விஷ்ணுப்ரியா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். அவள்தான் அறிவிப்பாளராம். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அறிவிப்பாளர்! தமிழில் ஒரு வணக்கம், மலாயில் ஒரு வணக்கம், ஆங்கிலத்தில் ஒன்று. அடுத்து இராமலிங்கம் வரவேற்புரை ஆற்றினார். கவுன்சிலரின் தகப்பனார்வரை போய் அந்தக் குடும்பத்தின் நல்ல குணங்களைச் சொன்னார். பிறகு அவருக்கு திடீரென்று ஒரு யோசனை வந்தது. நேராக லியனார்ட்டிடம் வந்து, அவர் மடியில் ஒரு ஆள் உயர ரோஜா மாலையை வைத்தார்.

"நீங்கதான் போடணும் மிஸ்டர் லியனார்ட். நோயாளி கையால போட்டா அதுக்கு தனி மதிப்பு."

மாலை தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்தது. தாள் அதற்கு அடியில் போய்விட்டது. கவுன்சிலர் மேடையை விட்டு இறங்கி வந்தார். நல்ல மனிதர்தான், சும்மா சொல்லக் கூடாது. நாற்காலிக்கு முன்னால் முழங்காலை மடித்து, தலையைக் குனிந்து கொடுத்தார். லியனார்ட் இரண்டு கையாலும் மாலையைத் தூக்கிப் போட்டார். மண்டபமே கை தட்டியது. படம் எடுப்பவன், இன்னொரு தடவை போடுங்கள் என்றான். இன்னொரு தடவை போட்டார். கவுன்சிலரின் கண் கலங்கியிருந்தது.

அதோடு முடிந்ததா? பொறியாளருக்குப் பொன்னாடை. போலீஸ்காரருக்குப் பொன்னாடை. மேடையில் இருந்த ஒவ்வொருவரின் பெயரையும் பட்டத்தையும் விஷ்ணுப்ரியா நிறுத்தி நிதானமாக வாசித்தாள். தட்டிக்கொண்டிருந்த பெண் அதிகாரியையும் எழுப்பி ஒரு பழத்தட்டைக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு பொன்னாடை மிஞ்சியது. அதை வீணாக்குவானேன் என்று மைக் சரிசெய்ய வந்தவனுக்குப் போர்த்தினார்கள். அவன் பாவம், யார் பிறந்தநாள் என்று கேட்டான். மணி அடித்தது. நேரம் முடிந்தது.

கவுன்சிலர் மாலையோடு மைக்கைப் பிடித்தார். இந்திய சமூகம் தந்த ஆதரவு தன் மனதைத் தொட்டுவிட்டது என்றார். உடற்குறையுள்ளவர்களை இங்கே அரசாங்கம் ஓகேயூ என்று சொல்லும். "முக்கியமாக இந்த ஓகேயூ சகோதரர், தம் சிரமத்தையும் பொருட்படுத்தாமல் புதிய சட்டத்தை வரவேற்க வந்திருக்கிறார்," என்றார். அந்தப் பெண் அதிகாரி பழத்தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அதைத் தட்டினார். நான் எழுந்து கையை ஆட்டினேன், சத்தம் போட்டேன். அதற்குள் அடுத்த சங்கத்துக்காரர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். கழக ஊழியர்கள் எங்களைப் பார்த்துப் புன்னகைத்து, ஓரமாக வழிகாட்டினார்கள்.

நடைபாதையில் லியனார்ட் நனைந்த தாளை மடியிலிருந்து எடுத்தார். மை கலைந்திருந்தது.

"நான் பேசவே இல்லையே கெர்ட்டி," என்றார்.

இராமலிங்கம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "பாத்தீங்களா? அழுதுட்டாரு! நம்ம காரியம் முடிஞ்ச மாதிரிதான்."

"எந்தக் காரியம் தலைவரே? என்னா கேட்டோம் நாம?"

அவர் ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தார். "சரி, அதான் நாம சொல்லாமலே அவருக்குப் புரிஞ்சிருக்குமே," என்றார்.

சங்கங்கள் சொல்லாமல் விட்டதை அந்த வாரத்துக்குள் எழுத்தில் கொடுக்கலாம் என்று அந்தப் பெண் அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மறுநாளே இராமலிங்கத்தின் வீட்டு வாசலில் நின்றேன். அவர் கையைப் பிசைந்தார். "அவர் முழங்கால் போட்டு மாலை வாங்கினாரும்மா. அவ்வளவு மரியாதையா நடந்துக்கிட்டவருக்குப் பின்னாலேயே புகார் எழுதினா நல்லாவா இருக்கும்? தீபாவளி விருந்துக்கு வருவாரு, அப்ப காதுல போட்டுடுறேன்." நான் கெஞ்சினேன். திட்டினேன். அவர் வீட்டம்மா எனக்கு மைலோ கலந்து கொண்டு வந்து வைத்தாள். கடைசியில் நானே எழுதிக் கொடுத்தேன். தனி ஆளின் கருத்தும் கவனிக்கப்படும், ஆனால் உங்கள் சங்கம் ஏற்கெனவே ஆதரவு தெரிவித்துவிட்டது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

சட்டம் நிறைவேறியது. சாலையின் முனையில் ஒரு பெரிய பதாகை வைத்தார்கள். அதில் என் வீட்டுக்காரர் கவுன்சிலருக்கு மாலை போடுகிறார். மேலே 'புதிய சாலை ஒழுங்கைச் சமூகம் வரவேற்கிறது' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. வேன் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு லியனார்ட், "முடி கொஞ்சம் வெட்டியிருக்கலாம்," என்றார். அதற்குப் பிறகு அந்த இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

சாலை அழகாகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆம்புலன்ஸ் சர்ரென்று போயிற்று. பிள்ளைகள் பயமில்லாமல் கடந்தார்கள். சரக்கு லோரிகளுக்கு மூலையில் ஓர் இடம், கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு மட்டும் இடமில்லை. சந்தைக்குப் பின்னால் நிறுத்தினால் நடுவில் பெரிய சாலை. அதைக் கடக்க ஒரு மேம்பாலம், அதற்குப் படிக்கட்டு. படிக்கட்டில் நாற்காலி ஏறாது. சுற்றிக்கொண்டு போனால் மோட்டார்கள் பறக்கும் சாலையோரத்தில் வெகுதூரம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பக்கிரிசாமி ஒற்றை ஆள், நோயாளிகள் ஐந்து பேர். ஒருவரைத் தள்ளிக்கொண்டு போனால் மற்றவர்கள் வேனில் வெந்துகொண்டிருப்பார்கள். தாங்க முடியாமல் ஒருநாள் பழையபடி வாசலில் நிறுத்தினான். மாரியாயி என்ற அம்மாளை உள்ளே விட்டுவிட்டு வெளியே வருவதற்குள் வேனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதை மீட்க அவன் பட்ட பாட்டை அவன்தான் சொல்ல வேண்டும். மீட்டு வந்தும் இன்னொரு தடவை அதே கதை. பின்கதவில் தகடு பொருத்தியதும் சட்டப்படி செல்லாது என்று அப்போதுதான் சொன்னார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான்.

"முடியல அண்ணே. வேன வித்துடப் போறேன். நீங்க என்னைத் தப்பா நினைக்கக் கூடாது. அண்ணி, நீங்களும்."

தப்பாக நினைக்கவில்லை. அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. மாரியாயி அம்மாளை மகள் செராஸுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

வாடகைக் கார்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். தூரத்திலேயே நாற்காலியைப் பார்த்துவிட்டுச் சில ஓட்டுநர்கள் நிற்காமல் போனார்கள். வந்தவர்களும், "சாரி ஆன்டி, அங்க நிறுத்தினா என் கார இழுத்துடுவாங்க," என்று சந்தைக்குப் பின்னால் இறக்கிவிட்டார்கள். வேறு நிலையங்களைக் கேட்டேன். எங்கும் இடமில்லை, எங்கும் காத்திருப்போர் வரிசை. அதனால் நானே தள்ளினேன். அறுபதைத் தாண்டிய பொம்பளை, மூட்டுவலிக்காரி, மோட்டார்களுக்கு எதிரே சாலையோரத்தில் ஒரு பெரிய மனுஷனைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொரு மோட்டாருக்கும் கையைக் காட்டிக்கொண்டே வருவார். மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில், சாக்கடை மூடியின் இடுக்கில் முன்சக்கரம் சிக்கியது. நாற்காலி கவிழ்ந்தது. அவர் இடது கையின் மேலேயே விழுந்தார்.

இடது கையில்தான் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாயை அறுவை செய்து இணைத்திருந்தார்கள். அவரைப் போன்ற நோயாளிகளுக்கு அந்தக் கைதான் உயிர். அதில் ரத்தம் கட்டிப்போய் அடைத்துவிட்டது. மருத்துவமனையில் கழுத்து வழியாகக் குழாய் போட்டார்கள். அதில் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்தது. பிழைத்து வீட்டுக்கு வந்தபோது அவர் சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார்.

அப்போது நான் கழகத்துக்கு மறுபடியும் போனேன். முகப்பில் அதே நீலத் துடோங் அதிகாரிதான் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன், என் மலாய் உடைந்து உடைந்து வந்தது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகக் கேட்டார்.

"ஆனால் ஆன்டி, அன்றைக்கு நீங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லையே. சங்கத்தின் பெயரில் எதிர்ப்பு என்று ஒரு வரி இருந்திருந்தால் பொறியாளர் கட்டாயம் பார்த்திருப்பார். நான்தானே எழுதினேன், எனக்குத் தெரியும். உங்கள் கணவரே மாலை போட்டாரே."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதனால்தான் எனக்கு அங்கேயே விழுந்து புரள வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அடுத்து எப்போது திருத்துவார்கள் என்று கேட்டேன்.

"இதற்கு முந்தைய திருத்தம் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், ஆன்டி," என்றார்.

இராமலிங்கம் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்தார். லியனார்ட் கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தார். கழுத்துக் குழாயைப் பார்த்ததும் இராமலிங்கத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அந்தக் கவுன்சிலர் மாறிப் போய்விட்டதாகவும் புதிதாக ஒருவர் வந்திருப்பதாகவும் சொன்னார்.

"புதுசா வந்தவருக்கு ஒரு வரவேற்பு வைக்கலாம்னு இருக்கோம். அதுல நம்ம விஷயத்த..."

லியனார்ட் சிரிக்கத் தொடங்கினார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து, இருமி, மூச்சு வாங்கி, "போடுங்க தலைவரே. நல்லா பெரிய மாலையா போடுங்க," என்றார்.

இராமலிங்கம் சிரிக்கவில்லை. குனிந்து தன் கைகளைப் பார்த்தார். தோள் குலுங்கியது. "எனக்கு வேற மாதிரி கேக்கத் தெரியாதேம்மா," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வாசலில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்தேன். அவர் செருப்பைத் தேடியபோது நானே அதை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு தடவை தள்ளிக்கொண்டு போனேன். பாதி வழியில் என் முட்டி மடங்கி, சாலையோரத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். யாரோ இரண்டு பையன்கள் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து தள்ளிக் கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் லியனார்ட், "போதும் கெர்ட்டி," என்றார்.

நான் கத்தினேன். சாமி கொடுத்த உயிரை அப்படி விட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்றேன். கோழை என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பண்டமாரானிலிருந்து கிள்ளான்வரை வேண்டுமானாலும் நான் தள்ளுவேன் என்றேன்.

"நீ தள்ளுவ, எனக்குத் தெரியும். அதான் பயமா இருக்கு," என்றார். "ஏதாவது மோட்டார் உன்னையும் சேத்து அடிச்சுட்டா, நான் கீழ விழுந்து கிடந்து பாத்துக்கிட்டேதான் இருக்கணும். எந்திரிச்சு வர முடியாது. வேணாம் கெர்ட்டி."

நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். இருக்கிற ஒரு காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். மனம் மாறவில்லை.

இரண்டு முறை போகாமல் விட்டதும் நிலையத்து நர்ஸ் மிஸ்ஸி போனில் கூப்பிட்டாள். நல்ல பெண். அங்கிள் எப்படி இருக்கிறார், கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்றெல்லாம் கேட்டாள். உடனே கொண்டு வாருங்கள் என்று சத்தம் போட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "ஆன்டி, இதைக் கேக்க எனக்கே கஷ்டமா இருக்கு. வெளிய நிறைய பேர் சீட்டுக்குக் காத்திருக்காங்க. அங்கிள் நிச்சயமா வரலன்னா..." என்று இழுத்தாள். நான் லியனார்ட்டைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். கொடுத்துவிடுங்கள் என்று என் வாயாலேயே சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் மலர் என்றாள், மேரு பக்கமாம். வீட்டுக்காரர் பெயர் ரெங்கசாமி. மிஸ்ஸியிடம் கெஞ்சி என் எண்ணை வாங்கினாளாம். லியனார்ட்டுக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்திருந்தேன்.

"அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருந்தோம் அக்கா. அவர் எனக்கு இல்லாமப் போயிடுவாருன்னே நினைச்சிட்டேன். நேத்துதான் சீட் கிடைச்சிருச்சுன்னு சொன்னாங்க. நாளைக்கு முதல் நாள்." அழுதுகொண்டே சிரித்தாள். "அண்ணனுக்கு வேற பெரிய ஆஸ்பத்திரியில இடம் கிடைச்சிருச்சா அக்கா?"

லியனார்ட் முகத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லபடியா போங்கம்மா," என்றேன்.

"போறோம் அக்கா. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இன்னைக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன். அங்க வாசல்ல வண்டியே நிறுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு. நீங்கல்லாம் வண்டிய எங்க நிறுத்துவீங்க?"

"உங்க வீட்டுக்காரர் நடப்பாராம்மா?"

"ரெண்டு காலும் எடுத்தாச்சு அக்கா. வீல்சேர்தான்."

லியனார்ட் கண்ணை மூடிக்கொண்டார். என் கையிலிருந்த ஈரத்துணியை இறுகப் பிடித்தார்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா," என்றேன். அவள் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள் போலிருக்கிறது, எழுதிக்கிறேன் அக்கா, சொல்லுங்க, என்றாள்.